பன்னிரண்டு தாள்களின் பின்பக்கம்

திலகா அக்காவின் தங்கை மகள் வாசுகியின் அழைப்பு வந்தபோது என் இரண்டு கைகளிலும் மை. புடைவைக் கடை ஒன்றுக்குப் பை அச்சடித்துக்கொண்டிருந்தேன். போனை மூக்கால் தட்டி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஸ்கிரீனில் ரப்பர்த் தகட்டை வைத்து இழுக்கத் தொடங்கிவிட்டேன். "ரீட்டா அன்ரி, பெரியம்மா போயிட்டா. காலமை தேத்தண்ணி கொண்டுபோய் எழுப்பினனான், எழும்பேல்லை" என்றாள். இழுவையை நடுவில் நிறுத்தினால் மை வலையில் அடைத்துக்கொள்ளும், அந்த இடம் ஒரு கோடாக விழும். நான் நிறுத்தவில்லை. இழுத்து முடித்தேன். ஸ்கிரீனைத் தூக்கிப் பையை எடுத்துக் கொடியில் போட்டேன். பிறகுதான் நிலத்தில் இருந்தேன். பை சுத்தமாக வந்திருந்தது. திலகா அக்கா நின்றிருந்தால் அழுகிற என்னைப் பார்க்கமுன் அந்தப் பையைத்தான் பார்த்திருப்பார்.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறோம், அட்டையை நீங்கள்தான் அடித்துத் தர வேண்டும், உள்ளே நாலு பக்கம் எழுதியும் தர வேண்டும் என்று வாசுகி கேட்டாள். அட்டை அடிப்பது என் தொழில். எழுத்து அப்படி இல்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, நானும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. திலகவதி அம்மையாரின் கலையைப் பற்றி மற்றப் பக்கங்களில் படித்தவர்கள் எழுதியிருப்பார்கள். நான் என் கடைக்குள் நடந்த ஒன்றைத்தான் எழுதப் போகிறேன். இதை வெளியில் விடக் கூடாது என்று அக்கா எனக்குக் கட்டளை போட்டிருந்தார். "நான் இருக்கிற வரைக்கும்" என்பதுதான் கட்டளை. அது முடிந்து இன்றைக்கு ஒரு மாதமாகிறது.

அக்காவை வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்க ஒழுங்கையில் பலருக்குத் தெரியும். பம்பலப்பிட்டியில் ஒரு கட்டட அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வரைபடம் கீறினவர். கலியாணம் செய்யவில்லை. ஓய்வு எடுத்த அடுத்த கிழமையே தன் வேலையைத் தொடங்கிவிட்டார். ஆள் இல்லை, மரம் இல்லை, கடல் இல்லை. வட்டம், கால் வட்டம், சதுரம், பட்டை. அவற்றை ஸ்கிரீனில் அச்சடித்து எடுப்பதுதான் அவருடைய ஓவியம்.

பத்துப் பதினொரு வருஷத்துக்கு முன், ஒரு நீளக் குழாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் என் கடை வாசலில் வந்து நின்றார். நான் அப்போது திருநாள் கொடி அடித்துக்கொண்டிருந்தேன். குழாயிலிருந்து அவர் எடுத்து விரித்ததைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, பாத்ரூம் டைல் கொம்பனியா?" என்றேன்.

"ஓம். ஆனா தரையில போட ஏலாது, வழுக்கும்" என்றார், முகம் சிரிக்காமல்.

பிறகுதான் சொன்னார், அதற்கு முன் இரண்டு கடை ஏறி இறங்கினதாக. ஒரு கடையில் "வெறுமையாக் கிடக்கு மிஸ், ஒரு மூலையில பூ ஒண்டு போட்டுத் தரவா?" என்று கேட்டார்களாம். "நீ சிரிச்சாய், ஆனா பூப் போடேல்லை. அதுதான் இஞ்சயே நிண்டிட்டன்" என்று பல வருஷம் கழித்து ஒரு நாள் சொன்னார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. "முட்ட வேணும். ஏறக் கூடாது." இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், ஒன்றின் விளிம்பு மற்றதின் விளிம்பைத் தொட வேண்டும், நடுவில் வெள்ளை தெரியக் கூடாது, மேலே ஏறவும் கூடாது. எங்கள் தொழிலில் ஒருவரும் அப்படி அடிப்பதில்லை. இரண்டாவது நிறத்தை முதலாவதின் மேல் மயிரளவு ஏற்றிவிடுவோம். கை கொஞ்சம் ஆடினாலும் இடைவெளி தெரியாது. தேர்தல் ஸ்டிக்கரும் அப்படித்தான், பூசை அட்டையும் அப்படித்தான். இதை நான் அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன்.

"ஏத்தினா ரெண்டுக்கும் நடுவில மூண்டாவது நிறம் ஒண்டு வரும். அதை நான் கூப்பிடேல்லையே" என்றார்.

சோதிப்பதும் அவர்தான். முதலில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பார். பிறகு கண்ணாடியை வைத்துவிட்டு, ஆள்காட்டி விரல் நகத்தால் ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்கு மெல்ல இழுப்பார். "நகம் ஏறினா மிதிச்சிருக்கு. நகம் விழுந்தா இடைவெளி. நகம் ஓடினாச் சரி." சரியில்லாததைத் தானே கிழிப்பார். நான் மனம் வலித்துப் போய், "அக்கா, அதை எனக்குத் தாங்கோ, மேசைக்கு விரிக்கிறன்" என்றால், "உன்ர மேசை என்ன பாவம் செய்தது?" என்பார்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

கடதாசி இறக்குமதி நின்றுபோய், பெற்றோலுக்கு வரிசை, நாளுக்கு இரண்டு தரம் கரண்ட் வெட்டு என்று நாங்கள் அலைந்த அந்த வருஷம், அக்காவுக்கு ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கிற ஒரு கலரியிலிருந்து அழைப்பு வந்தது. அவருக்கு அப்போது எழுபத்தொரு வயது. அவர் பெயரில் மட்டும் நடக்கும் முதல் கண்காட்சி அது. ஒரு முழுச் சுவரைக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சுவருக்கு அக்கா ஒரு சதுரம் வரைந்தார். மஞ்சள், நீலம், செங்கல் நிறம். அதே சதுரம் பன்னிரண்டு தாளில். ஒவ்வொரு தாளையும் ஒவ்வொரு பக்கம் சுழற்றி மூன்று வரிசையாக மாட்டினால், ஒன்றின் கோடு மற்றதில் தொடர்ந்து ஓடி, சுவர் முழுக்க ஒரே உருவமாகிவிடும். பன்னிரண்டில் ஒன்று பிசகினாலும் சுவரே பிசகும்.

தடித்த கடதாசி அவருடைய அலுமாரியில் இருபது தாள் இருந்தது. ஊரில் வேறு இல்லை. பரீட்சைத் தாளுக்கே கடதாசி இல்லாத காலம், எங்களுக்கு எவன் தருவான்.

முதல் நாள் மஞ்சள் கலக்கும்போது அக்கா கரண்டியை என் பக்கம் நீட்டி, "ரீட்டா, இது எலுமிச்சம்பழ மஞ்சளோ, மாம்பழ மஞ்சளோ?" என்றார்.

பகிடி என்று நினைத்து, "சாம்பார் மஞ்சள் அக்கா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். நேரே பார்க்கிற எதிலும் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு நிற்பதாகவும், சுற்றிவர உள்ளது மட்டும் தெரிவதாகவும் சொன்னார். மாதம் ஒரு வியாழக்கிழமை கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள், போனது திரும்பாது, இருப்பதைக் கொஞ்ச நாளைக்கு வைத்திருக்கத்தான் அந்த ஊசி. கூட இருந்த வாசுகிக்கே அதைச் சீனி வருத்தத்துக்குப் போகிற கிளினிக் என்று சொல்லி வைத்திருந்தார்.

"கலரிக்காரருக்குச் சொன்னா என்னக்கா? பாவம் எண்டு கூட உதவி செய்வினம்தானே."

"அதுதான் பயம். கண் தெரியாத மனுசி கீறினது எண்டு பாக்க வருவினம். ஐயோ பாவம் எண்டிட்டுப் போவினம். கோட்டை ஒருத்தரும் பாக்க மாட்டினம்." கரண்டியை எடுத்துத் துடைத்தார். "நான் இருக்கிற வரைக்கும் நீ வாய் திறக்கக் கூடாது."

என் வாயில் ஒரு விஷயம் ஒரு நாள் தங்கினதாகச் சரித்திரம் இல்லை. இது தங்கியது.

மஞ்சள் அடித்த அன்று நல்ல வெயில். இருபதில் இரண்டு வீண். ஒன்றில் என் விரல் அடையாளம், மற்றதைக் காற்று தூக்கிக்கொண்டு போய் மைக்குள் போட்டது. மறுநாள் மழை பிடித்தது. புதன்கிழமை நீலம் அடிக்கப் போனால் கடதாசி ஈரம் குடித்து வளர்ந்திருந்தது. கடதாசியோடு மஞ்சளும் வளர்ந்தது, ஸ்கிரீன் வளரவில்லை. அக்கா நாலு தாள் கிழித்தார். பதினாலு மிஞ்சியது. இன்னும் இரண்டு தாள்தான் பிழையாய்ப் போகலாம், செங்கல் நிறம் பாக்கி. வெள்ளிக்கிழமை கலரித் தம்பி பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முதல் நாள் வியாழன், அக்காவின் ஊசி நாள்.

"நீயே அடி ரீட்டா" என்றார் போகும்போது. "நீ அடிச்சா நான் அடிச்ச மாதிரித்தான்."

வியாழன் காலை மழை விட்ட நேரம் பார்த்துச் செங்கல் நிறத்துக்கு அக்கா கறுப்பு மையால் கீறித் தந்த பிலிமை ஒரு தாளின் மேல் வைத்துப் பார்த்தேன். அந்தப் பிலிமை வைத்துத்தான் ஸ்கிரீனில் உருவத்தைப் பதிப்போம். ஒரு மூலையில் நூலளவு வெள்ளை தெரிந்தது. இரண்டாவது தாளிலும் தெரிந்தது. இப்படி அடித்தால் பதினாலில் எட்டுக்கு மேல் தேறாது. எட்டில் சுவர் நிறையாது. எழுபத்தொரு வயதில் வந்த சுவர். அந்தக் கண்ணுக்கு இன்னொரு வருஷம் இருக்குமோ தெரியாது.

கறுப்பு மார்க்கரை எடுத்தேன். பிலிமில் இருந்த உருவத்தின் விளிம்பைச் சுற்றி, வெளிப்பக்கமாக, ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தேன். மயிரளவுதான். அவ்வளவு போதும், செங்கல் நிறம் மற்ற இரண்டின் மேலும் கொஞ்சம் ஏறும், வெள்ளை மறைந்துவிடும். கோடு போடும்போது எனக்குள் என்ன ஓடியது என்பதையும் எழுதிவிடுகிறேன். அக்காவுக்குக் கண் தெரியாதே என்றுதான் ஓடியது.

அந்தப் பிலிமில் ஸ்கிரீன் பதித்து அடித்தேன், பதினாலும் அழகாக வந்தன. எனக்கே பெருமை.

வெள்ளிக்கிழமை அக்காவும் கலரித் தம்பியும் ஒன்றாகவே வந்தார்கள். தம்பி சிங்களப் பெடியன், நல்ல மரியாதை, கொஞ்சம் தமிழ் கதைப்பான். மேசையில் தாள்களைப் பரப்பி வைத்திருந்தேன். அவன் பார்த்தவுடன் "சூப்பர் ஆன்ட்டி, சூப்பர்" என்று போனில் படம் எடுக்கத் தொடங்கினான். அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருடைய வலது கை முதலாவது தாளின் ஓரத்தைத் தேடிப் பிடித்தது. நகம் நீலத்தில் இறங்கியது.

அப்போதுதான் எனக்கு நகம் ஞாபகம் வந்தது. கண்ணை மட்டும் கணக்கில் எடுத்த மடைச்சிக்கு அத்தனை வருஷம் பார்த்த நகம் மறந்துபோனது.

"தம்பி, பிளேன்ரீ குடிப்பமா? நீங்க கலரிக்குள்ள ஏசியில இருக்கிற ஆக்கள், எங்கட வேர்வைத் தேத்தண்ணியும் ஒருக்கா" என்று ஏதோ உளறினேன். அவன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. நகம் நீலத்தில் ஓடி வந்து, செங்கல் நிறம் தொடங்கும் இடத்தில் நின்றது. நின்று, ஏறியது. எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. அவர் இரண்டாவது தாளை எடுத்தார். ஏறியது. மூன்றாவதை எடுக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சைன் பண்றதா ஆன்ட்டி? நான் இண்டைக்கே கொண்டுபோறது" என்றான் தம்பி.

ஏறிக் கிடக்கிறது என்று அக்கா சொன்னால், எங்கே என்று அவன் கேட்பான். பார்த்தால் அவனுக்குத் தெரியாது. நகத்தால் என்று சொன்னால், ஏன் நகத்தால் என்று கேட்பான். என்னைக் காட்டிக் கொடுப்பதென்றால் அவர் தன்னையும் காட்டிக் கொடுக்க வேண்டும்.

"இன்னும் முடியேல்லை தம்பி" என்றார் அக்கா. "திங்கள் மத்தியானம் வாங்கோ."

அவன் தலையைச் சொறிந்தான். திங்கள் பின்னேரம் சுவரில் ஏற வேண்டும், செவ்வாய்க்கிழமை திறப்பு. அதற்குப் பிறகு என்றால் அந்தச் சுவரை வேறு ஆளுக்குத்தான் கொடுப்பார்கள் என்றான். அக்கா தலையை ஆட்டினார். "ஹரி ஆன்ட்டி, சந்துதா தவல்" என்று சிங்களத்தில் திங்கள் மதியத்துக்குச் சம்மதித்துவிட்டுப் போனான்.

கதவு சாத்தப்பட்டது.

"ஏறியிருக்கு" என்றார்.

"ஓம் அக்கா."

"எத்தனையில?"

"எல்லாத்திலயும்."

"கை ஆடினதோ, நீ ஏத்தினதோ?"

"நான்தான் ஏத்தினது. மார்க்கரால."

"என்ர கண் தெரியாது எண்டுதானே செய்தனீ?"

எனக்கு எதற்கும் ஒரு மறுமொழி வாயில் இருக்கும். போலீஸ்காரனுக்கும் இருக்கும், பாதருக்கும் இருக்கும். அன்றைக்கு ஓம் என்று மட்டும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "கண்ணுக்குத் தெரியாட்டிச் சரிதான் எண்டு நீயே நினைச்சா, நான் ஊரை என்னெண்டு குறை சொல்லுறது?" என்றார்.

மேசையில் கிடந்த முதல் தாளை நான் எடுத்தேன். சட்டம் சட்டம்தானே. அவர் கிழிக்கமுன் நானே கிழித்துவிடலாம் என்று இரண்டு கையாலும் பிடித்தேன். கடதாசி முறுகிய சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"பொறு" என்றார். "மற்றப் பக்கம் என்ன இருக்கு?"

"என்ன இருக்கும், வெள்ளைதான்."

கையை நீட்டினார். தாளைத் திருப்பிக் கொடுத்தேன். உள்ளங்கையால் முழுவதையும் ஒரு தரம் தடவினார். தடித்த கடதாசி, முன்பக்கத்து மை பின்னால் தெரியவில்லை.

"பதினாலு தாள் இருக்கு" என்றார்.

பின்பக்கத்தில் மூன்று நிறமும் புதிதாக அடிக்க இரண்டு நாளும் ஒரு காலையும் இருந்தன. சனிக்கிழமை விடியவே வந்துவிட்டார். மஞ்சள், நீல ஸ்கிரீன்கள் கழுவாமல் நின்றன. கடைசி நிறம் தேறும்வரை எதையும் கழுவாதே என்பது அவருடைய இன்னொரு சட்டம், அது எங்களைக் காப்பாற்றியது. செங்கல் நிறத்துக்கு மட்டும் புது ஸ்கிரீன் வேண்டும். அதற்கு என் மார்க்கர் கோட்டைப் பிலிமிலிருந்து எடுக்க வேண்டும். சவரப் பிளேட்டால் சுரண்டுவதைத் தவிர வழியில்லை, கொஞ்சம் அழுத்தினால் அக்காவின் கோடும் போய்விடும். சுரண்ட அவருக்குக் கண் இல்லை, எனக்குத் தைரியம் இல்லை.

பக்கத்தில் கதிரையைப் போட்டு, காதை என் கைப்பக்கம் சரித்துக்கொண்டு இருந்தார். "உன்ர மார்க்கர் வேற சத்தம், என்ர மை வேற சத்தம். நான் சொல்லுறன், நீ சுரண்டு." அப்படித்தான் செய்தோம். பிளேட் மார்க்கரில் போகும்போது சரசரவென்றது. அந்தச் சத்தம் மாறினவுடன் "நிப்பாட்டு" என்பார். நிறுத்துவேன். ஒரு மயிர் கூடப் போயிருக்காது. பத்து மணிக்குக் கரண்ட் போனது. வாசல் வெளிச்சத்தில் இருந்து சுரண்டினோம். தெருவில் எவனோ மரக்கறி கூவிக்கொண்டு போனான், அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார், அவன் போய் முடியும்வரை.

ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது. வெயில் இல்லாதபடியால் ஸ்கிரீனை விளக்கில்தான் பதிக்க வேண்டும். எட்டு நிமிஷம் விளக்கு இடைவிடாமல் எரிய வேண்டும், நடுவில் போனால் ஸ்கிரீன் குப்பை. அந்த நாட்களில் கரண்ட் சொன்ன நேரத்துக்குத்தான் போகும் என்றும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாய்விட்டு எண்ணினோம். முந்நூறு தாண்டிய பிறகு ஒரு தரம் மங்கியது. அக்கா எண்ணுவதை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. திரும்பப் பிரகாசமானது. நானூற்றெண்பது சொல்லி முடித்தபோது எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று நிறமும் ஒரே நாளில். போன தடவை வெயிலில் ஒரு நிறம், மழையில் ஒரு நிறம் என்று அடித்ததுதான் வினை. "கடதாசிக்கு இண்டைக்கு ஒரே காத்துத்தான்" என்று சொல்லி யன்னல் எல்லாவற்றையும் சாத்தச் சொன்னார். விசிறியும் இல்லை. மை மணத்தில் தலை சுற்றியது. கொச்சிக்கடைப் பக்கமிருந்து ஞாயிறு பூசைக்குக் கோயில் மணி கேட்டது.

"பூசையை விட்டுட்டு நிக்கிறன் அக்கா. நரகத்துக்குப் போனா உங்கட பேரைத்தான் சொல்லுவன்."

"சொல்லு. அங்கயும் ஒரு மேசை போட்டு வைக்கச் சொல்லு. வெக்கைக்கு மை கெதியாக் காயும்."

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பகிடி அது.

மஞ்சள் பதினாலும் தேறியது. நீலத்தில் ஒரு தாள் வழுக்கியது, பதின்மூன்று. பின்னேரம் செங்கல் நிறம் அடித்து முடித்தேன். ஈர மையில் நகம் வைக்க முடியாது. காயும்வரை இருக்க வேண்டும், சரியா பிழையா என்று தெரியாமல். இரண்டு மணித்தியாலம் போனது. அவர் மீன் வைத்த மாலுபாணைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார். நான் கொடியைப் பார்க்காமல் இருக்கக் கழுவின வாளியையே திரும்பக் கழுவினேன்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன் வைத்தேன். நகம் ஓடியது. ஓடியது. ஓடியது. ஒன்பதாவது தாளில், ஒரு மூலையில், நகம் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் அதை ஒரு பக்கம் தள்ளினார். இனி ஒன்றும் பிழையாய்ப் போக இடமில்லை. பத்து ஓடியது. பதினொன்று ஓடியது. பன்னிரண்டாவதில் ஓர் இடத்தில் நின்றார், பின்னுக்கு இழுத்து இன்னொரு தரம் போனார். தூசி. ஊதிவிட்டார். ஓடியது. பதின்மூன்றாவது தாளில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்க பாக்கிறாய்?" என்றார்.

"ஒண்டும் பாக்கேல்லை அக்கா."

"அப்ப கையைத் தா." என் விரலைப் பிடித்து அந்த விளிம்பின் மேல் தானே இழுத்தார். மஞ்சளில் தொடங்கி நீலத்தைத் தாண்டிச் செங்கல் நிறத்துக்குப் போனது என் நகம். நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை.

திங்கள் காலை தாள்களை அட்டையில் ஒட்டினோம். நாலு விளிம்பிலும் மட்டும் பசை. மத்தியானம் தம்பி வந்தான். கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நான் நினைக்க, அவன் போனை எடுத்துக்கொண்டு, ஆன்ட்டி கையெழுத்துப் போடுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்றான். அக்காவின் கையில் பென்சிலைக் கொடுத்தான். வெள்ளைத் தாளின் வெள்ளை ஓரம். நேரே பார்த்தால் அவருக்குக் கறுப்புப் பொட்டு. பென்சில் காற்றில் நின்றது.

நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். "மை இன்னும் முழுக்கக் காயேல்லை தம்பி, அக்காட கை பட்டிடும். நான் மறைச்சுப் பிடிக்கிறன்" என்று சொல்லி, கையெழுத்து வர வேண்டிய இடத்துக்கு மேலே என் ஆள்காட்டி விரலை வைத்தேன். அவருடைய இடது கை வந்து என் விரலைத் தொட்டது. வலது கை அதன் கீழே, நேராக, திலகவதி என்று எழுதியது. பன்னிரண்டு தரம். ஏழாவதிலோ எட்டாவதிலோ பென்சில் என் நகத்தில் ஏறிவிட்டது. "நகத்தை வெட்டு" என்றார், தம்பிக்குக் கேட்க. அவன் சிரித்துக்கொண்டே படம் எடுத்தான். அந்த வீடியோவில் நான் இல்லை, என் விரல் மட்டும் இருக்கிறது.

கண்காட்சிக்கு உங்களில் பலர் வந்திருப்பீர்கள். அன்றைக்கு அக்கா ஒருவரையும் நேரே பார்க்காமல், தலையைச் சரித்து, ஓரத்தால் பார்த்தார். திலகவதிக்குச் சுவர் கிடைத்ததும் தலைக்கனமும் வந்துவிட்டது என்று இரண்டு பேர் கதைத்தது என் காதில் விழுந்தது. ஓரத்தால் பார்த்தால்தான் அவருக்கு உங்கள் முகம் தெரிந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாரும் கோட்டைப் பார்த்தீர்கள். ஒரு கோடு எப்படி ஒரு தாளை விட்டு அடுத்த தாளுக்குப் போகிறது என்று விரலை நீட்டிக் காட்டினீர்கள். ஒருத்தர் கூட ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. அக்கா கேட்டது அதுதான்.

கண்ணைப் பற்றி வாசுகிக்குக் கடைசி வருஷத்தில் தெரிய வந்தது. பின்பக்கத்தைப் பற்றி அவளுக்கும் இப்போதுதான் தெரியும். அந்தப் பன்னிரண்டும் இன்று ஒரு நல்ல வீட்டின் சுவரில் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் அதே சதுரம், என் பிழையோடு, அட்டையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. இதை நினைத்து எனக்குப் பயம் பிடிக்கும். சில மாதத்துக்கு முன் வெள்ளவத்தைக்குப் போனபோது அக்காவிடம் கேட்டேன், "எவனாவது அட்டையை உரிச்சா என்னக்கா செய்யிறது?"

அவர் யன்னல் பக்கம் திரும்பி இருந்தார். கீழே ரயில் போய் முடியும்வரை பொறுத்தார். "உரிக்கட்டும். ரெண்டு பேர் செய்தது எண்டு அப்பத் தெரியும்தானே" என்றார்.

என்னிடம் அக்காவின் தாள் ஒன்றுகூட இல்லை. நல்லதெல்லாம் சுவருக்குப் போயிற்று. தேறாததையெல்லாம் அவரே கிழித்தார், பின்பக்கம் தேறாத அந்த இரண்டையும் சேர்த்து. என்னிடம் இருப்பது நகம்தான். இப்போது புடைவைக் கடைப் பைக்கும் நகம் வைத்துப் பார்க்கிறேன், கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

இந்த மலரின் அட்டையில் அக்காவின் அந்தச் சதுரத்தைச் சின்னதாக்கி அடித்திருக்கிறேன். மூன்று நிறம், ஏற்றவில்லை. ஒவ்வொரு அட்டையையும் நானே பார்த்துத்தான் விட்டேன், ஆனாலும் நான் நான்தான். மலரை மூடி வைக்கமுன் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்கு உங்கள் நகத்தை ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். ஓடினால் அது திலகா அக்கா. எங்காவது ஏறினால் அது நான்.